சல்லிப் பாதையில் ஒரு டாக்டர் பேஷன்ட் ஆன கதை

1/ போன ஜூன் மாசம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். தென்மேற்கு பிரான்ஸ்ல ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டு மேல நிக்கிறோம். "டேய், காலையில என்ன சாப்பிட்டோம்?"னு நண்பன் கேட்டான். எனக்குப் பதில் தெரியலை. கேள்வியே எரிச்சலா இருந்துச்சு. 24 வருஷமா டாக்டரா இருக்கேன், அப்பவும் எனக்கு என்ன நடக்குதுன்னு புரியலை. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ முதல்ல, ஏன் அங்க போனேன்? என் பள்ளித் தோழன் துலூஸ் நகரத்துல வேலை பார்க்கிறான். அவனுக்கு கிராவல் பைக் பைத்தியம். பைக்னு சொன்னதும் மோட்டார் சைக்கிள்னு நினைச்சிடாதீங்க, இது மிதிவண்டிதான். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், ஆனா டயர் 40 மில்லிமீட்டருக்கு மேல அகலம். காற்றைக் குறைச்சு வச்சா சல்லி, மண், வண்டிப்பாதை எல்லாத்துலயும் போகலாம்.

3/ அவன் காட்டின வழி லோட் நதிப் பள்ளத்தாக்கும், அதோட துணை நதியான செலே பள்ளத்தாக்கும். துலூஸ்லேர்ந்து ரயில்ல சைக்கிளோட ஏறி காஓர் நகரத்துல இறங்கினோம். ஊரோட மேற்குப் பக்கம் 14-ஆம் நூற்றாண்டுல கட்டின வாலாந்த்ரே பாலம், மூணு கோபுரத்தோட நிக்குது. அதைப் பார்த்துட்டு ஆற்றை எதிர்த்து மேலே போகணும். முதல் நாள் ரொம்ப சுலபம். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவுல வயலும் வால்நட் மரங்களும்.

4/ பூஸியேஸ் கிராமத்துகிட்ட ஒரு அதிசயம் இருக்கு. 19-ஆம் நூற்றாண்டுல, நீரோட்டத்துக்கு எதிரா படகுகளைக் கயிறு கட்டி இழுக்கிறதுக்காக, ஆற்றை ஒட்டின பாறையையே குடைஞ்சு ஒரு பாதை போட்டிருக்காங்க. தலைக்கு மேல பாறை, காலுக்குக் கீழே ஆறு. நடக்கிறவங்க நிறைய, பாதை குறுகல். அங்க இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் போகணும், அதுதான் மரியாதை. அதைத் தாண்டினா சேன் சீர் லாபோபி. ஆற்றுக்கு மேல செங்குத்தான பாறையில ஒட்டிக்கிட்டிருக்கிற ஊர். ராத்திரி அங்கதான் தங்கினோம்.

5/ மறுநாள் காலையில பூஸியேஸுக்கே திரும்பி, அங்கேர்ந்து செலே நதி ஓரமா காப்ரரே. பக்கத்துல பெஷ் மெர்ல் குகை. 1922-ல ரெண்டு பசங்க உள்ளே ஊர்ந்து போய் கண்டுபிடிச்சது. சுமார் 29,000 வருஷத்துக்கு முந்தின புள்ளிக் குதிரை ஓவியங்கள், சுற்றி மனுஷக் கை அச்சுகள். ஒரு நாளைக்கு இவ்வளவு பேர்தான்னு கணக்கு வச்சிருக்காங்க. முன்பதிவு செஞ்சுட்டுப் போங்க. உள்ளே ஜில்லுனு இருக்கும்.

6/ அந்த ஜில்லுதான் எங்களை ஏமாத்திடுச்சு. வெளியே வரும்போது உச்சி வெயில். வெயில் 35 டிகிரியாம். "நம்ம ஊர்ல பார்க்காத வெயிலாடா இது"ன்னு நான்தான் சொன்னேன். ஆனா நம்ம ஊர்ல அந்த நேரத்துல நான் ஏசி கிளினிக்ல உட்கார்ந்திருப்பேன். சைக்கிள்ல மேடு ஏற மாட்டேன். இது அப்ப தோணலை.

7/ ரொட்டியும் தண்ணியும் வாங்கலாம்னு வழியில கிராமத்துக் கடைக்குப் போனோம். பூட்டு. பிரான்ஸ் கிராமங்கள்ல திங்கட்கிழமை நிறைய கடை திறக்க மாட்டாங்க. மற்ற நாள்லயும் 12 மணிக்கு மூடினா 2 மணி வரைக்கும் ஆள் இருக்காது. கையில இருந்த பாட்டிலே போதும்னு மேலே ஏறிட்டோம்.

8/ பள்ளத்தாக்குலேர்ந்து மேட்டுநிலத்துக்கு சுமார் 200 மீட்டர் ஏற்றம். மேட்டுக்கு அங்க 'கோஸ்'னு பேரு. கிராவல் சைக்கிளுக்கு சொர்க்கம்: வெள்ளைச் சல்லிப் பாதை, ரெண்டு பக்கமும் சாந்து இல்லாம அடுக்கின கல் சுவர், குட்டை ஓக் மரங்கள், கண்ணைச் சுற்றி மை பூசின மாதிரி கறுப்பு வளையத்தோட செம்மறி ஆடுகள். கார் சத்தமே இல்லை.

9/ ஆனா தண்ணியும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுல பெய்யிற மழை வெடிப்பு வழியா நேரா கீழே இறங்கிடும். அது நிலத்துக்கடியில ஓடி, பள்ளத்தாக்குல ஊற்றா வெளியே வரும். மேலே ஓடையே கிடையாது. வெள்ளைப் பாதை வெயிலை முகத்துல திருப்பி அடிக்குது. நிழலும் கம்மி.

10/ இப்ப நான் மறைச்ச விஷயத்தைச் சொல்றேன். எனக்கு வயசு 51. மூணு வருஷமா பிரஷர் மாத்திரை எடுக்கிறேன். அதுல உப்பையும் நீரையும் சிறுநீர்ல வெளியேத்துற மருந்தும் சேர்ந்திருக்கு. வெயில்ல கடுமையா உழைக்கிறவங்களுக்கு இந்த மருந்து நீரிழப்பைக் கூட்டும். பேஷன்ட் யாராவது "சார், மலையேறப் போறேன்"னு வந்தா முதல் கேள்வியே மாத்திரையைப் பத்திதான் கேட்பேன். என்னை நானே கேட்டுக்கலை. நண்பன்கிட்டயும் சொல்லலை. ஊருக்குத்தான் உபதேசம்.

11/ முதல்ல தலைவலி. அப்புறம் லேசா குமட்டல். ஒரு பிரிவுல இடது பக்கம் போகணும், நான் வலது பக்கம் திரும்பினேன். நண்பன் கூப்பிட்டப்ப கத்திட்டேன். நாற்பது வருஷப் பழக்கத்துல அவனை அப்படிக் கத்தினதே இல்லை. அப்பதான் அவன் சைக்கிளைக் கீழே போட்டுட்டு வந்து, காலையில என்ன சாப்பிட்டோம்னு கேட்டான்.

12/ பதில் வரலைன்னதும் அவன் பேசலை. பக்கத்துல கல்லால கட்டின ஒரு சின்ன வட்டக் குடிசை இருந்துச்சு, அந்தக் காலத்துல இடையர்கள் ஒதுங்குறதுக்காகக் கட்டினது. என்னை அதுக்குள்ள படுக்க வச்சு, ஹெல்மெட்டைக் கழட்டினான். ஆடுகளுக்காகப் பாறையில வெட்டின ஒரு குட்டை கொஞ்சம் தள்ளி. தன் சட்டையைக் கழட்டி அதுல முக்கி, என் கழுத்து, அக்குள், மார்புன்னு வச்சு விசிறினான். திரும்பத் திரும்ப ஓடினான்.

13/ "பத்து நிமிஷம் பார்ப்பேன், நீ தெளியலைன்னா 112"ன்னு போனைக் கையில வச்சிருந்தான். தெளிஞ்சிடுச்சு. மிச்சம் இருந்த தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்தான். "இட்லி இல்லடா, ரொட்டியும் ஜாமும்"னு நான் சொன்னப்பதான் சிரிச்சான். அவன் சாப்ட்வேர் ஆள். அன்னைக்கு டாக்டர் அவன்தான்.

14/ நிழல்ல வெயில் தாழுற வரைக்கும் இருந்துட்டு, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே கீழே ஒரு கிராமத்துக்கு வந்தோம். அவன் நேரா கல்லறைத் தோட்டத்துக்குள்ள போனான். பயந்துட்டேன்! பிரான்ஸ்ல கிராமக் கல்லறைகள்ல பூச்செடிக்கு ஊத்தறதுக்குக் குழாய் இருக்கும். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் நடைப்பயணம் போறவங்களுக்கும் அது தெரியும். 'ஓ நோன் போத்தாப்ல்'னு பலகை இருந்தா குடிக்கக் கூடாத தண்ணி. அங்க அந்தப் பலகை இல்லை. அந்தக் குழாயடியில நான் குடிச்ச தண்ணி மாதிரி வேற எதுவும் ருசிச்சதில்லை.

15/ இப்ப டாக்டரா சொல்றேன். வெயில்ல தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தா ஓய்வு, நிழல், தண்ணி, உப்பு. ஆனா பேச்சு குழறினா, குழப்பம் வந்தா, காரணமில்லாத கோபம் வந்தா அதை ஹீட் ஸ்ட்ரோக்னே எடுத்துக்கணும். நண்பன் பத்து நிமிஷம் காத்திருந்தது தப்பு. உடனே அழைக்கணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் குளிர வச்சுக்கிட்டே இருக்கணும். பிரான்ஸ்ல 15 அல்லது 112, நம்ம ஊர்ல 108.

16/ குழப்பத்துல இருக்கிறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, புரை ஏறும். உடம்பை நனைங்க, விசிறுங்க. குட்டைத் தண்ணி குடிக்க ஆகாது, நனைக்க ஆகும். நல்லா இருக்கும்போதும் வெறும் தண்ணியை லிட்டர் கணக்குல குடிக்காதீங்க, ரத்தத்துல சோடியம் குறையும். பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, கிளம்புறதுக்கு முன்னாடி உங்க டாக்டரைக் கேளுங்க.

17/ மூணாம் நாள், விடியற்காலையிலேயே கிளம்பி, மேட்டுப் பக்கமே போகாம செலே நதி ஓரமாவே ஃபிஜாக் போய்ச் சேர்ந்தோம். எகிப்திய எழுத்துகளைப் படிச்சுக் காட்டின ஷாம்போலியன் பிறந்த ஊர். போறவங்க மே, ஜூன் தொடக்கம், இல்லன்னா செப்டம்பர்ல போங்க. கோஸ் மேட்டைக் காலையிலேயே கடந்துடுங்க.

18/ கடைசியா ஒண்ணு. வெயில் முதல்ல பிடுங்குறது 'எனக்கு ஏதோ சரியில்லை'ன்னு உணர்ற அறிவைத்தான். அதனால தனியா போகாதீங்க. கூட வர்றவர்கிட்ட உங்க மாத்திரை என்னன்னு கிளம்பும்போதே சொல்லிடுங்க. அவர் "உட்காரு"ன்னா, படிப்பு, பட்டம் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு உட்கார்ந்துடுங்க. நான் சொல்லியிருந்தா அவன் அந்த ஏற்றத்தையே தொட விட்டிருக்க மாட்டான்.

 வெயில்ல வேலை செய்யற யாருக்காவது இது உதவும்னு தோணினா பகிருங்க.