செத்தவன் திரும்பி வந்தால்...? - எச்.ஏ. கிளஸ்டரும் அதன் பொது அமைப்புகளும்

பிராக்ஸ்மாக்ஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (இனி வி.எம். என்றே வைத்துக்கொள்ளலாம், தட்டச்சும் மிச்சம்) ஓட்டவும் நிர்வகிக்கவும் உதவுவது. வியன்னாக்காரர்கள் 2008-ல் வெளியிட்டது. டெபியன் லினக்ஸின் மேல் கேவிஎம்மை வைத்துக் கட்டியது, திறமூல மென்பொருள், காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. அதற்குப் பிறகு, சின்ன நிறுவனங்களிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் 'வேறு என்ன இருக்கு?' என்று தேடியவர்கள் முதலில் போய் நின்ற இடங்களில் இதுவும் ஒன்று.

நிறுவுவது சுலபம். மூன்று சர்வர்களை ஒரு கிளஸ்டராகச் சேர்ப்பதும் சுலபம். ஒரு வி.எம்மைத் தேர்ந்தெடுத்து எச்.ஏ. பட்டியலில் சேர்த்துவிட்டால், அது ஓடும் சர்வர் படுத்துவிட்டாலும் வேறொரு சர்வரில் தானாக எழுந்துவிடும். செய்து பார்ப்பவருக்கு அரை மணி நேரத்தில் 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றும்.

இவ்வளவுதான் இல்லை. மிச்சக் கதை 'டேட்டாசென்டர்' என்ற தலைப்பின் கீழ் 'ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அங்கே இருக்கிறது. கிளஸ்டர் முழுமைக்குமான பொது அமைப்புகள் அங்கேதான். பார்க்க ரொம்பச் சாதுவான பக்கம். விசைப்பலகை எந்த மொழி, ப்ராக்ஸி முகவரி என்ன, எச்சரிக்கை மின்னஞ்சல் எந்தப் பெயரில் போகவேண்டும்... இப்படிப் போய்க்கொண்டே இருக்கும்போது, அதே பட்டியலில், அதே எழுத்தளவில், 'எச்.ஏ. செட்டிங்ஸ்' என்று ஒரு வரி. விசைப்பலகை அமைப்பில் தப்பு செய்தால் ஒரு எழுத்துக்குப் பதில் வேறு எழுத்து விழும். இந்த வரியில் தப்பு செய்தால் மருத்துவமனையின் நோயாளிப் பதிவேடு ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும் :-)

அந்த வரிக்குள் போகும் முன், எச்.ஏ. என்பது உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். பலரும் நினைப்பது போல அது ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்மைத் தூக்கிக்கொண்டு அடுத்த சர்வருக்கு ஓடுவதில்லை. அது லைவ் மைக்ரேஷன், இரண்டு சர்வர்களும் உயிரோடு இருக்கும்போது மட்டும் நடக்கும் சமாச்சாரம். சர்வர் செத்துப்போனால் அதன் நினைவகத்தில் இருந்தது எல்லாம் போனதுதான். எச்.ஏ. செய்வது, வட்டில் இருப்பதை வைத்து அந்த வி.எம்மை வேறொரு சர்வரில் முதலிலிருந்து பூட் செய்வது. அதற்கும், சர்வர் செத்ததைக் கண்டுபிடித்து உறுதிசெய்யவே ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். 'ஐந்து ஒன்பது', அதாவது 99.999 சதவீதம், என்று விற்பனைக்காரர்கள் சொல்வதற்கு ஆண்டுக்கு 5.26 நிமிடம்தான் அனுமதி. இரண்டு முறை விழுந்தால் முக்கால்வாசி ஒதுக்கீடு தீர்ந்தது.

ஏன் இரண்டு நிமிடம்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஊரில் ஒருவர் வெளியூர் போகிறார். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள்... சொந்தக்காரர்கள் 'ஆள் போய்ச் சேர்ந்துட்டார் போல' என்று முடிவு கட்டி நிலத்தைப் பாகம் பிரித்து உழ ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் அவர் கையில் பையோடு பேருந்திலிருந்து இறங்குகிறார். டவர் கிடைக்காத ஊரில் இருந்தாராம்!

கிளஸ்டரிலும் இதே சிக்கல்தான். ஒரு சர்வர் பதில் சொல்லவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று பொருளில்லை. நெட்வொர்க் கேபிள் பிடுங்கியிருக்கலாம். உள்ளே வி.எம். ஜோராக ஓடிக்கொண்டு, பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும் தன் வட்டில் எழுதிக்கொண்டே இருக்கலாம். அது தெரியாமல் மற்றவர்கள் அதே வி.எம்மை இன்னொரு சர்வரில் கிளப்பிவிட்டால், ஒரே வட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். கோப்பு முறைமைக்கு இது தெரியாது, தன்னைத் தவிர யாரும் எழுதமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அது இயங்குகிறது. சில நிமிடங்களில் தரவுத்தளம் கந்தல். சர்வர் விழுந்தால் சேவைதான் நிற்கும், தரவு இருக்கும். இப்படி நடந்தால் தரவே போய்விடும். அதனால்தான் 'செத்துவிட்டதா?' என்ற கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் வேண்டும்.

பதில் கிடைக்க ஒரே வழி, சந்தேகப்பட்டவனைக் கொன்றே விடுவது! லினக்ஸ் உலகில் இதற்கு ஸ்டோனித் என்று பெயர். 'மற்றவன் தலையில் சுடு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். (உண்மையாகத்தான். கையேடுகளிலேயே இருக்கிறது.) கொஞ்சம் மரியாதையான பெயர் ஃபென்சிங்.

பிராக்ஸ்மாக்ஸில் இது கொஞ்சம் வேறு மாதிரி. 2015-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து, சர்வர் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும். எச்.ஏ. வி.எம். ஓடும் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு வாட்ச்டாக் விழித்திருக்கும். 'நான் பெரும்பான்மையோடு தொடர்பில் இருக்கிறேன்' என்று சர்வர் அதற்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 60 வினாடி சொல்லவில்லை என்றால், கேள்வியே இல்லை, ரீசெட். மூன்று சர்வர் கிளஸ்டரில் ஒன்று தனியாகிவிட்டால் அதற்கு இருப்பது ஒரே ஓட்டு. மற்ற இரண்டும் சேர்ந்து பெரும்பான்மை. தனியானது தன் பூட்டைப் புதுப்பிக்க முடியாமல் தானே விழும். மற்றவர்கள் அந்தப் பூட்டின் 120 வினாடி ஆயுள் முடியும்வரை காத்திருந்துவிட்டு, 'இதற்குள் கண்டிப்பாக விழுந்திருக்கும்' என்ற தைரியத்தில் வி.எம்மை எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு நிமிடத்தின் கணக்கு இதுதான். அவசரப்பட்டுப் பாகம் பிரிக்காமல் காத்திருக்கும் நேரம்.

இரண்டே சர்வர் வைத்துக்கொண்டு எச்.ஏ. போட நினைப்பவர்கள் கவனிக்க: கேபிள் அறுந்தால் இருவருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்றாவதாக ஒரு சின்னக் கணினியிலாவது க்யூடிவைஸ் என்ற ஓட்டுப்போடும் சேவையை வைத்தாக வேண்டும்.

சரி, இப்போது இதன் மறுபக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் தனியாகிவிட்டால்?

இது கற்பனை இல்லை. சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது கோரோசிங்க் என்ற மென்பொருள் வழியாக. அதற்கு அலைவரிசை அதிகம் வேண்டாம், ஆனால் தாமதம் ஆகவே கூடாது, 5 மில்லிவினாடிக்குள் பதில் வந்தாக வேண்டும். பட்ஜெட் இல்லாத இடங்களில் என்ன செய்வார்கள்? ஒரே ஸ்விட்ச், ஒரே கேபிள், அதிலேயே எல்லாம். கோரோசிங்கும் அதில், சேமிப்பகமும் அதில், ராத்திரி பேக்கப்பும் அதில். நள்ளிரவில் பேக்கப் ஆரம்பிக்கிறது. கேபிள் நிரம்பி வழிகிறது. கோரோசிங்கின் குட்டிச் செய்திகள் வரிசையில் சிக்கிக்கொள்கின்றன. மூன்று சர்வர்களும் ஒவ்வொன்றும் 'மற்ற இருவரையும் காணோம், நான் தனியாகிவிட்டேன்' என்று முடிவு செய்கின்றன. 60 வினாடி. மூன்றும் ஒன்றாக ரீசெட்! ஒரு சர்வர் கூடப் பழுதாகவில்லை, ஆனால் எல்லா வி.எம்மும் விழுந்துவிட்டன. விழாமல் இருக்கப் போட்ட ஏற்பாடே விழவைக்கிறது. காலையில் வந்து பார்க்கும் நிர்வாகி மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்து யூ.பி.எஸ்.ஸைத் திட்டிக்கொண்டிருப்பார், பாவம்.

மருந்து அந்த ஆப்ஷன்ஸ் பக்கத்திலேயே பாதி இருக்கிறது. மைக்ரேஷனுக்கு எந்த நெட்வொர்க் என்று தனியாகக் குறிக்க ஒரு வரி உண்டு. மைக்ரேஷன், மீட்பு, குளோன் ஆகியவற்றுக்கு வேகக் கட்டுப்பாடு விதிக்க இன்னொரு வரி. ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கலாம் என்பதற்கு ஒன்று (சொல்லாமல் விட்டால் 4). பேக்கப் வேகத்தை அதன் சொந்த அமைப்பில் கட்ட வேண்டும். மீதிப் பாதி கேபிளில் இருக்கிறது. கோரோசிங்குக்குத் தனி ஸ்விட்ச், முடிந்தால் இரண்டாவது பாதை. விலை குறைந்த ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் போதும், அதற்கே தாராளம். சர்வருக்கு லட்சக்கணக்கில் கொட்டிவிட்டு இதற்குச் சில ஆயிரம் இல்லை என்பதுதான் வேடிக்கை.

இனி அந்த 'எச்.ஏ. செட்டிங்ஸ்' வரி. ஷட்டவுன் பாலிசி என்பது அதன் பெயர். நிர்வாகியே வேண்டுமென்று ஒரு சர்வரை அணைத்தால் அதிலுள்ள வி.எம்களை என்ன செய்வது என்ற கேள்வி. ஃப்ரீஸ், ஃபெயிலோவர், மைக்ரேட், கண்டிஷனல் என்று நான்கு பதில்கள். யாரும் தொடாவிட்டால் கண்டிஷனல். அதன் நியாயம் இது: ஷட்டவுன் என்றால் சர்வர் கொஞ்ச நாள் வராது, ஆகவே வி.எம்களை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். ரீபூட் என்றால் இப்போதே வந்துவிடும், ஆகவே அப்படியே உறைந்து காத்திருக்கட்டும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் புதுக் கெர்னல் போட்டுவிட்டு ரீபூட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். சர்வர் திரும்பி எழவில்லை, பயாஸ் திரையில் ஏதோ ஒரு விசையை அழுத்தச் சொல்லி நிற்கிறது. மற்ற இரண்டு சர்வர்களும் நலம், இடமும் இருக்கிறது. ஆனாலும் வி.எம்களை எடுக்கமாட்டா! 'இதோ வந்துவிடுகிறேன்' என்று அவன் சொல்லிவிட்டுப் போனானே, அதை நம்பிக் காத்திருக்கின்றன. எச்.ஏ. இருந்தும் இல்லாத நிலை.

மைக்ரேட் என்று மாற்றி வைத்தால், அணைப்பதற்கு முன் ஓடும் வி.எம்கள் எல்லாம் உயிரோடு மற்ற சர்வர்களுக்கு நகர்த்தப்படும், திரும்பி வந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவரப்படும். ரீபூட்டுக்கு நேரம் கூடுதலாகும் என்பது உண்மை. அந்தச் சர்வரின் சொந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வி.எம். நகராது என்பதும் உண்மை. இருந்தாலும் பொதுச் சேமிப்பகம் இருக்கும் இடத்தில் இதைத் தவிர வேறெதையும் வைப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

பொதுச் சேமிப்பகம் இல்லாமல், இசட்.எஃப்.எஸ். நகலெடுப்பை நம்பி எச்.ஏ. போடுபவர்களும் உண்டு. அது தவறில்லை. ஆனால் அந்த நகல் சொல்லாமல் விட்டால் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். சர்வர் செத்தால் வி.எம். எழும், கடைசி நகலுக்குப் பிறகு போட்ட பில்கள் மட்டும் இருக்காது. கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் குரல் வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக எந்தப் பக்கத்திலும் எந்த வரியிலும் இல்லாத ஒன்று. விஎம்வேரில் அட்மிஷன் கன்ட்ரோல் என்று ஒரு அமைப்பு உண்டு. ஒரு சர்வர் விழுந்தால் தாங்கும் அளவுக்கு இடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் புது வி.எம். கிளப்பினால் 'முடியாது' என்று சொல்லிவிடும். பிராக்ஸ்மாக்ஸ் அப்படித் தடுக்காது. விழுந்த வி.எம்மை எந்தச் சர்வரில் எழுப்புவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் 2022-ல் வந்த 7.3 பதிப்பிலிருந்து ஒரு தேர்வு இருக்கிறது. வெறுமனே தலை எண்ணாமல் ஒவ்வொன்றுக்கும் ஒதுக்கிய நினைவகத்தையும் சிபியுவையும் பார்த்து முடிவு செய்யும், அதுவும் நாமாக மாற்றினால்தான். இடமே இல்லை என்றால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே அளவு மூன்று சர்வர் என்றால் ஒவ்வொன்றின் நினைவகமும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரம்பக் கூடாது. 64 ஜிபி என்றால் 42-க்குள். இந்தக் கணக்கு தொடங்கும் நாளில் எல்லா இடத்திலும் சரியாகத்தான் இருக்கும். பிறகு துறைத்தலைவர் கேட்டார் என்று ஒரு வி.எம்., ப்ராஜெக்டுக்கு ஒன்று, சும்மா சோதனைக்கு ஒன்று... ஆறு மாதத்தில் 58.

எல்லாம் சரியாக அமைத்தாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழிதான் உண்டு. முக்கியமான வி.எம்கள் ஏறும் முன்பே, வேலை நேரத்தில், ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஓடும் ஒரு சர்வரின் நெட்வொர்க் கேபிள்களைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. பவர் கேபிளை அல்ல. அது சுலபமான சோதனை, செத்தவன் செத்தவன்தான். நெட்வொர்க்கைப் பிடுங்கினால்தான் அந்த டவர் கிடைக்காத ஊர் நிலைமை வரும். ஒரு நிமிடத்தில் அந்தச் சர்வர் தானாக ரீசெட் ஆக வேண்டும். இன்னொரு நிமிடம் போல ஒன்றுமே நடக்காது, கை பரபரக்கும், எதையும் தொடக்கூடாது. அப்புறம் அடுத்த சர்வரின் பட்டியலில் அந்த வி.எம்மின் பெயர் வந்து நின்று, பக்கத்தில் பச்சை விழும்.