அக்கா போட்ட அடுப்பு

மண் வேலை பழகுவதற்காகச் சில மாதங்கள் மொலகொடைக்குப் போய்வந்தேன். பொல்பிட்டியவிலிருந்து கித்துள்கல, யட்டியாந்தோட்டை, பிறகு கேகாலை என்று பஸ் மாறிப் போகவேண்டும். கொழும்பு - கண்டி வீதியோரம் சட்டி பானைகளை அடுக்கி வைத்து விற்பார்களே, அந்த ஊர்தான். எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு கைத்தொழில் தேவைப்பட்டது. பழகிவந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் தேவைப்பட்டது. சமூகவியல் படித்த எனக்கு மண்ணைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதை அங்கு போன பிறகுதான் உணர்ந்தேன்.

எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு சிங்கள அம்மா. முதல் இரண்டு வாரமும் மண் பிசைய மட்டுமே விட்டார். சக்கரத்தில் உட்கார்ந்தபோது என் மண் ஒருநாளும் நடுவில் நிற்கவில்லை. 'சக்கரம் வராவிட்டால் கையால் செய்' என்று விட்டுவிட்டார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நைஜீரியாவின் லாடி குவாலி என்ற குயவப் பெண் மண்ணைத் திரியாக உருட்டி, சுற்றிச் சுற்றி அடுக்கியே பெரிய பானைகளைச் செய்து உலகப் புகழ் பெற்றவர். அந்த நாட்டின் 20 நைரா நோட்டில் அவர் படம் இருக்கிறது.

என் முதல் ஆறு கிண்ணங்களில் நான்கு சூளையில் வெடித்தன. வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. 100 பாகையில் அந்த ஈரம் ஆவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் பாத்திரத்தைப் பிளந்துவிடும். சூடு சுமார் 600 பாகையைத் தாண்டினால்தான் மண், தண்ணீர் பட்டாலும் திரும்பச் சேறாகாத பொருளாக மாறுகிறது.

பிறகு ஒரு கொப்பியில் திட்டம் எழுதினேன். பூச்சாடி, மெழுகுதிரித் தாங்கி, மினுக்கம் பூசிய தேநீர்க் கோப்பை. ஒவ்வொன்றுக்கும் படம், அளவு, விலை எல்லாம் போட்டு, பிள்ளைக் காம்பராவில் நடந்த கூட்டத்தில் பெருமையோடு விரித்து வைத்தேன்.

"பூச்சாடிய எங்க மிஸ் வைக்கிறது? எங்க காம்பராவுல மேசையே இல்லையே" என்றார் ஓர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் சுட்டது.

இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கு வந்து கையெழுத்து வைத்துவிட்டுப் பேசாமல் போகிறவர் அவர். இங்கே லயத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு, சிறு பிள்ளையாக இருக்கும்போதே பெற்றோருடன் வவுனியாப் பக்கம் போனார். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஏராளம். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் கிளிநொச்சியில். 2009இல் யுத்தம் முடிந்து, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, தம்பியின் லயத்துக்கே திரும்பி வந்தவர். 'எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள்?' என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. அதற்கு அவர், "தெரியல மிஸ்" என்றார். அந்தக் கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அன்று அவர் சொன்னார்: "அடுப்பு செய்வோம் மிஸ். போன எடமெல்லாம் மொதல்ல அதத்தானே செஞ்சேன்." விரல் மடக்கி எண்ணவும் தொடங்கினார். தர்மபுரத்தில் புற்றுமண் கிடைத்தது. உமி சேர்த்துப் பிசைந்தார், நல்ல அடுப்பு. விசுவமடுவில் போட்டது காயுமுன்பே விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது. மாத்தளனில் வெறும் மணல், பிடிக்காது. குழி தோண்டித் தகரம் வைத்து எரித்தார். கணவர் அந்த அடுப்பில் காய்ச்சிய கஞ்சியைக் குடிக்கவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பதினொன்றில் விரல் நின்றது.

அவர் சொன்னதில் வேறொரு நியாயமும் இருந்தது. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது, பஸார் வீடுகளில்கூட விறகு அடுப்பைத் தேடினார்கள். இலங்கையில் 'அநகி' என்றொரு மண் அடுப்பு இருக்கிறது. ஒரே துண்டு, இரண்டு வாய். முதல் சட்டிக்கு எரிந்த நெருப்பின் மிச்சச் சூடு இரண்டாவதற்குப் போவதால் விறகு குறைவாகச் செலவாகும். மினுக்கம் பூசிய கோப்பையை நான் கைவிட்டதற்கும் காரணம் உண்டு. ஈயம் கலந்த மினுக்கம் உணவில் இறங்கி உடம்பைக் கெடுக்கும். வாங்கும் பூச்சில் என்ன இருக்கிறதென்று சோதிக்க எங்களுக்கு வசதியில்லை.

மண் தேடியதும் அக்காதான். தேயிலை மலையின் செம்மண் உதிர்ந்துபோனது. கீழே வயலோர மண்ணைப் பென்சில் பருமனுக்கு உருட்டி விரலில் சுற்றிக் காட்டினார். வெடிக்கவில்லை. இதே சோதனையைத்தான் மொலகொடை அம்மாவும் எனக்குக் காட்டியிருந்தார். அதில் மணலும் உமியும் கலந்தோம். நைசான மண்ணை மட்டும் வைத்தால் நெருப்புச் சூட்டில் அடுப்பு பிளந்துவிடும்.

எங்களுக்குப் பெரிய எதிரி மழைதான். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கலந்து களனி கங்கையாகும் இந்தப் பள்ளத்தில் துணி காய்வதே பாடு. செய்த ஏழு அடுப்புகளையும் ஆளுக்கொன்றாகத் தங்கள் சமையலறைப் பரணில், புகைபடும் இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் கீறல் விழுந்துவிட்டது. அது நான் செய்தது. அக்கா அதை நனைத்து, உடைத்து, திரும்பவும் பிசையச் சொல்லியிருக்கிறார். சுடாத மண்தானே, வீண்போகாதாம்.

மழை விட்டதும் சூளை வைக்கிறோம்.