தோளின் கணக்கு

தண்டால் எடுப்பவனுக்குத் தரை துணை. பஸ்கி போடுபவனுக்குக் கால்கள் துணை. தலைக்கு மேலுள்ள கம்பியைப் பற்றித் தொங்குபவனுக்கோ தன் இரு கைகளையன்றி வேறு துணையில்லை. ‘புல் அப்’ என்று இளைஞர் வழங்கும் அப்பயிற்சியை, கம்பி மார்பைத் தொடும்படி ஒரே விசையில் இழுத்துச் செய்வோரைக் காட்கோபரின் பூங்காக்களிலும் இப்போது காண்கிறோம். சிலர் உச்சியில் கைகளை விட்டு, ஒருமுறை தட்டி, மீண்டும் பற்றுகின்றனர். பார்ப்பவர்க்கு வியப்பு, பெற்றவர்க்குப் படபடப்பு.

நம் மூத்த மகனும் அவர்களுள் ஒருவன். வயது 17. படையில் சேர விழைகிறான். இராணுவ ஆள்சேர்ப்பில் 10 முறை எழுந்தால் 40 மதிப்பெண். 6 முறையென்றால் 16. கோப்புகளோடு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நமக்கு அவன் விருப்பத்தில் இன்னும் முழு உடன்பாடில்லை. ஆயினும் மதிப்பெண் பட்டியல் என்றால் எழுத்தருக்கு ஒரு பற்று உண்டன்றோ! எண்ணும் பொறுப்பை நாமே ஏற்றோம்.

எண்ணும்போது ஒன்று தெரிந்தது. பிள்ளைகள் பலர் எழுவது கையால் அன்று, காலால். முழங்காலை உதறி, இடுப்பை வெட்டி, அந்த ஊசல் வேகத்தில் மோவாயைக் கம்பிக்கு மேல் ஏற்றிவிடுகின்றனர். இறங்குவதோ வெறும் வீழ்ச்சி. அதன் அதிர்ச்சி முழுவதையும் தோள்மூட்டு வாங்கிக்கொள்கிறது.

தோள் என்பது நம் வீட்டில் விளையாட்டுச் சொல் அன்று. நம் தந்தையார் 1968இல் நெல்லைச் சீமையிலிருந்து வந்து கிடங்குகளில் மூட்டை சுமந்தவர். அவருடைய வலக்கை இன்று காதுக்கு மேல் எழாது. சட்டை மாட்டவும் ஒருவர் உதவ வேண்டும். ஒரு ஞாயிறு காலை பேரனைப் பார்க்க வந்தவர் சற்று நேரம் நோக்கியிருந்துவிட்டு, “சுமைய மொதல்ல தோள்ல உக்கார வையிடா, பொறவு எந்திரி” என்றார்.

பயிற்சி நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் அதுவே. முதலில் அசையாமல் தொங்க வேண்டும். முழங்கை மடங்குமுன் தோள்பட்டை எலும்புகள் கீழிறங்கி உறுதிப்பட வேண்டும். வயிறு இறுகி, கால்கள் சேர்ந்து சற்றே முன்னிருக்க, முழங்கைகளை விலாவை நோக்கி விரைந்து இழுக்க வேண்டும். ஏறுவது மின்னல், இறங்குவது மூன்று நொடி. வேகம் குறைந்த கணமே நிறுத்திவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கைந்து முறை போதும். இடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. நிதானமாகப் பத்து முறை எழ இயலாதவன் இவ்விசைப் பயிற்சியைத் தொடாதிருப்பதே நலம். கை தட்டும் வித்தையைப் பின்னும் தள்ளிவைக்கலாம்.

விசை எதற்கு என்பார்க்கு ஒரு கணக்கு: 60 கிலோ உடலை அரை மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 300 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு நொடியில் உயர்த்தினால் திறன் 300 வாட். அரை நொடியில் உயர்த்தினால் 600. உயரம் ஒன்றே, எடையும் ஒன்றே. காலம்தான் பாதி.

கணக்கில் மயங்காதவர்கள் தாதரில் இறங்கிச் சிவாஜி பூங்காவுக்கு நடக்கலாம். அங்கே 1925இல் தோன்றிய சமர்த்த வியாயாம மந்திரில், பருத்திக் கயிற்றில் ஏறிச் சிறுமியர் மல்லர் கம்பம் பயில்கின்றனர். நம் விழுப்புரத்திலும் இக்கலை வாழ்கிறது. அக்கயிற்றில் உதறலுக்கு இடமில்லை. உதறினால் கயிறே ஆடி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மகனை அழைத்துச் சென்று காட்டினோம். அவன் அன்று அதிகம் பேசவில்லை.

அதன்பின் இரண்டு திங்கள், உதறாமல் நிதானமாக எழுவதை மட்டுமே பயின்றான். முன்பு பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டது ஐந்தாகச் சுருங்கிப் பின் பத்தாக வளர்ந்தது. விசைப் பயிற்சியை இப்போதுதான் தொடங்கியிருக்கிறான். சென்ற ஞாயிறு நான்காம் முறை கம்பி மார்புக்கு ஒரு விரற்கடை குறைந்தது. நாம் ‘ஐந்து’ என்று சொல்ல வாயெடுக்குமுன், “போதும்ப்பா” என்று தானே மெல்ல இறங்கிவிட்டான்.