இன்னும் கால் சுற்று

என் முதல் தொட்டி உடைந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர். அந்தச் சொட்டை நிறுத்தப் போய்த்தான் எல்லாம் போச்சு.

கொளத்தூரில் செய்து வாங்கிய நாலடித் தொட்டி அது. அகலமும் உயரமும் ஒன்றரை அடி, முழுக்க நிரப்பினால் 255 லிட்டர். அடிக்கண்ணாடியின் மூலையில் ஒரு ஓட்டை. மேலே வழியும் தண்ணீர் அதற்குள் நிற்கும் குழாய் வழியாகக் கீழே சம்ப்புக்கு இறங்கி, அங்கே வடிகட்டப்பட்டு, மோட்டாரில் திரும்ப ஏறும். (சென்னையில் சம்ப் என்றால் வாசலுக்கு அடியில் மெட்ரோ வாட்டர் பிடிக்கிற தொட்டி. மீன் வளர்ப்பவர்களுக்கு அது மீன் தொட்டிக்குக் கீழே இருக்கிற இன்னொரு கண்ணாடிப் பெட்டி.) ஓட்டையில் மாட்டுவது டேங்க் கனெக்டர். மொட்டைமாடித் தொட்டிக்குப் போடுவோமே, அதேதான்.

அப்பா முப்பது வருஷம் பிளம்பர். ஆனாலும் நான் அவரிடம் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து வலது கை பிடிப்பு போனபிறகு அவரிடம் வேலை பற்றிப் பேசுவதையே வீட்டில் நிறுத்தியிருந்தோம். வருத்தப்படுவார் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டது.

வீடியோ பார்த்து நானே மாட்டினேன். ரப்பர் வாஷரை வெளியே நட்டுக்கு அடியில் போட்டேன். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சிலிக்கானும் தடவினேன். ராத்திரி ஒரு சொட்டு நின்றது. பைப் ரென்ச் எடுத்து ஒரு திருப்பு. நின்றுவிட்டது. அரைமணி நேரம் கழித்து 'டிக்' என்று சத்தம். ஓட்டையிலிருந்து மூலைவரை முடி மாதிரி ஒரு கோடு. பிறகு அது கோடாக இருக்கவில்லை.

நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர். அவர் மகளின் பத்தாம் வகுப்பு நோட்டுகள் மேஜைமேல் இருந்தன. பதினோரு ஏஞ்சல் மீன்களில் ஏழைத்தான் பக்கெட்டில் போட முடிந்தது. ஓனர் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

காலையில் அப்பா உடைந்த துண்டுகளுக்கு நடுவே இருந்து கனெக்டரை எடுத்துப் பார்த்தார். வாஷர் பிதுங்கி ஒரு பக்கம் வழுக்கியிருந்தது.

"சிலிக்கான் போட்டா ரப்பர் எண்ணெய் தடவின மாதிரி நழுவும்டா. வாஷர் தலைப் பக்கம் வரணும், தண்ணி இருக்கிற பக்கம். நட்டுப் பக்கம் போட்டா தண்ணி மரை வழியா வந்துரும்."

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எனக்கு விஷயத்தைப் புரியவைத்தது. "உன் தொட்டில தண்ணி எவ்ளோ உயரம்?" நாற்பது சென்டிமீட்டர். மொட்டைமாடித் தொட்டி சமையலறைக் குழாய்க்கு ஆறு மீட்டர் மேலே இருக்கிறது. குழாயில் வருவதில் பதினைந்தில் ஒரு பங்கு அழுத்தம்தான் இங்கே. அதற்கு எதற்கு ரென்ச்? ஒழுகுவது இறுக்கம் போதாமல் இல்லை. ரப்பர் சமமாக உட்காராமல்.

இரண்டாவது தொட்டிக்கு அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓட்டையின் விளிம்பை ஈர எமரித் தாளால் தேய்க்கச் சொன்னார். கண்ணாடியையும் ரப்பரையும் துடைக்கச் சொன்னார். ஒரு மணல் போதுமாம். குழாய் மரையில் மட்டும் டெஃப்லான் டேப், திருகுகிற திசையிலேயே. அதிகம் சுற்றினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். நட்டு ஏறும் மரைக்கு டேப்பே வேண்டாம்.

நட்டை அவரே இறுக்கினார், தெம்பு குறைந்த அந்த வலது கையால். அது நிற்கிற இடத்தில் நின்றது.

"இப்ப நீ. இன்னும் கால் சுற்று."

திருப்பினேன். கை தானாக மேலும் போனது. அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும்.

மீன் விடாமல் மூன்று நாள் தண்ணீர் மட்டும். கீழே பழைய பேப்பர் விரித்தோம். முதல் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால், அவர் எனக்கு முன்னாலேயே டார்ச்சோடு அங்கே உட்கார்ந்திருந்தார். பேப்பர் காய்ந்திருந்தது.

"எல்போல ஒரு சொட்டு நிக்குது" என்றார். "அது டேப் கம்மி. கழட்டிட்டு இன்னும் ரெண்டு சுத்து சுத்து. எனக்கு ஒரு காபி."