நாலாவது சரணம்

ஞாயிறு ஆராதனையில் திரைக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் நாங்கள்தான். பாட்டு ஒழுங்காக ஓடினால் யாரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சென்ற கிறிஸ்மஸ் காலத்தில் முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது சரணத்தோடு திரை வெறுமையாகிவிட்டது. பின்வரிசையில் ஒரு அம்மம்மா மட்டும் நிறுத்தவில்லை. நாலாவது சரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடி முடித்தார்.

அந்தப் பாட்டுக்கு நாலாவது சரணம் இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. சுவிஸில் பிறந்த நாங்கள், திரையில் வருவதுதான் பாட்டு என்று நினைத்து வளர்ந்துவிட்டோம்.

அன்று மாலை பாட்டுக் கோப்பைத் திறந்தோம். நாலாவது சரணம் அங்கே இருந்தது! திரைக்குத்தான் வரவில்லை.

எங்கள் பாட்டுகள் எக்ஸ்.எம்.எல். கோப்புகளாக இருக்கின்றன. அவற்றைத் திரைக்கு ஒரு விதமாகவும், பெரிய எழுத்துப் புத்தகத்துக்கு வேறு விதமாகவும் மாற்றிக் கொடுப்பவை எக்ஸ்.எஸ்.எல்.ரி. கோப்புகள். 1999 நவம்பரில் தரமாக வெளிவந்த மொழி அது. எங்களில் அநேகரைவிட மூத்தது. திரைக்கான கோப்பை எழுதிய அண்ணா வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போய்விட்டார். நாங்கள் அதை ஓட்டினோமே தவிர ஒருநாளும் வாசித்ததில்லை.

வாசிக்கவும் இலேசில்லை. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக ஓடும் நிரல் அல்ல அது. தலைப்பு வந்தால் இப்படிச் செய், சரணம் வந்தால் அப்படிச் செய் என்று விதிகள் மட்டும் கிடக்கும். பாட்டுக் கோப்பில் எது வருகிறதோ அதற்குரிய விதி எழும்பும். கடைசியில் இரண்டையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்தோம். சரணங்களுக்கான விதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று எண்கள்தான் இருந்தன.

விதியில்லாத பகுதியின் எழுத்தை அப்படியே வெளியே விடுவதுதான் எக்ஸ்.எஸ்.எல்.ரி.யின் இயல்பு. ஆனால் பாடலாசிரியர் பெயர் போன்றவை திரையில் வராதிருக்க, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வெற்று விதியை அண்ணா எழுதியிருந்தார். நாலாவது சரணம் அதற்குள் விழுந்துவிட்டது. பிழைச் செய்தி எப்படி வரும்? கணினிக்கு அது பிழையே இல்லை. எத்தனை பாட்டுகளை இப்படி வெட்டிப் பாடியிருக்கிறோம் என்று எண்ண வெட்கமாயிருந்தது.

அந்த உற்சாகத்தில், பாமினி எழுத்துருவில் மிஞ்சிக் கிடந்த பழைய பாட்டுகளையும் மாற்றத் தொடங்கினோம். பாமினி தெரியாத தம்பி தங்கைகளே, அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டதுதான். ‘இயேசு’ என்று வர, கமா, பெரிய என், சின்ன ஏ, பெரிய ஆர் என்று தட்டவேண்டும். ‘ஈ’ வேண்டுமென்றால், கணக்கில் ‘சிறியது’ என்பதற்குப் போடும் அம்புமுனைக் குறி. எக்ஸ்.எம்.எல்.லில் அதே குறிதான் ஒரு புதிய பகுதி தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். ஆகவே ‘ஈந்தார்’ வந்த இடத்திலெல்லாம் கோப்பு உடைந்தது. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, பிறகு எக்ஸ்.எம்.எல்.லுக்குள் வைத்தபின்தான் சரிவந்தது. அதிலும் ஒரு சிக்கல்: பாமினியில் இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் நிற்கும். எக்ஸ்.எஸ்.எல்.ரி.யின் முதல் பதிப்பில் இருக்கும் மாற்றுக் கட்டளை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தைத்தான் மாற்றும், இடம் மாற்றாது. அதற்காக இரண்டு சனிக்கிழமைகள் போயின.

பெரிய எழுத்துப் புத்தகத்தின் முதல் பிரதியை அந்த அம்மம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோனோம். தேநீர் ஊற்றிவைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நாலாவது சரணம் முடிந்ததும் பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

“அஞ்சாவது எங்க பிள்ளையள்?”

எங்கள் கோப்பில் இல்லை. பாமினிப் பிரதியிலும் இல்லை. மடிக்கணினியைத் திறந்தோம். அவர் பாடப் பாட நாங்கள் தட்டினோம்.