பேண்ட் சாவும் மரத்தூளும்

பேண்ட் சா என்னும் பட்டை ரம்பத்தில், மேலும் கீழுமாக அமைந்த இரண்டு சக்கரங்களைச் சுற்றிப் பிளேடு ஓடுகிறது. மரம் வைக்கும் மேசையின் ஊடாக அது மேலிருந்து கீழே இறங்குவதால், அறுபடும் தூளும் கீழ்நோக்கியே போகிறது. பற்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தூளைச் சுமந்துகொண்டு மரத்தின் அடிப்பக்கம் வந்ததும் உதறுகின்றன. பெரும்பகுதி கீழ்ச்சக்கரப் பெட்டிக்குள் விழும். ஒரு பகுதி சக்கரத்தின் ரப்பர் டயரில் அப்பிக்கொள்ளும். மிச்சம் பிளேடோடு மேலேறி, மேல்சக்கரத்தைச் சுற்றி, அறுப்பவரின் முகத்துக்கு நேரே திரும்ப இறங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் செங்கோட்டையில் மரவாடிகளும் அறுவை மில்களும் அதிகம். அங்கே பார்வையிட்ட ஒரு தச்சுப் பட்டறையில் இந்த ஓட்டம் முழுவதையும் காண முடிந்தது. மூத்த ஆசாரி மரத்தைத் தள்ள, உதவியாள் எதிர்ப்பக்கம் நின்று வாங்குகிறார். தேக்குப் பலகையை நிமிர்த்தி வைத்து இரண்டு மெல்லிய பலகைகளாகப் பிளக்கும் வேலையில்தான் தூள் மிக அதிகம். பலகையின் முழு அகலத்தையும் பிளேடு ஒரே நேரத்தில் அறுக்கிறது. இருவரும் மூக்கை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார்கள். துண்டு பெருந்தூளைத் தடுக்கும், நுண்தூளைத் தடுக்காது.

ஆபத்து அந்த நுண்தூளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துகள்கள் சீக்கிரம் தரையில் படிந்துவிடும். 10 மைக்ரானுக்கும் சிறியவை நெடுநேரம் காற்றில் மிதந்து மூச்சோடு உள்ளே போகும். தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் இளைப்பையும் உண்டாக்கும். இங்கிலாந்தின் ஹை விக்கம் வட்டாரத்தில் மரச்சாமான் செய்யும் தொழிலாளரிடையே மூக்கறைப் புற்றுநோய் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்ததை 1960-களில் மருத்துவர்கள் கண்டறிந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது.

எந்திரத்துக்கும் இதனால் கேடு உண்டு. டயரில் அப்பும் தூள் இறுகி மேடு தட்டினால் பிளேடு அதிரும். வெட்டு கோட்டை விட்டு விலகும். ஈர மரத்திலும் பிசின் உள்ள மரத்திலும் இது விரைவில் நேரும்.

பல பேண்ட் சாக்களில் தூள் உறிஞ்சும் வாய் கீழ்ப்பெட்டியின் அடியில் இருக்கிறது. தூள் பிறக்கும் இடமோ அதற்கு வெகு மேலே, மேசைக்குச் சற்றுக் கீழே. மோட்டாரின் சக்தியைக் கூட்டினால் இந்தத் தூரம் ஈடாகிவிடும் என்று எண்ணுவது தவறு. கை நீளத்தில் உள்ள விளக்கை ஊதி அணைக்கலாம். மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முடியாது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அதன் விட்ட அளவு தள்ளிப் போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பெட்டியின் சுவர்கள் காற்றை ஓரளவு வழிப்படுத்தினாலும், வாய் தூளுக்கு அருகில் இருப்பதே முதல் தேவை. இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் 14-ஆம் பிரிவில், உறிஞ்சு கருவியைத் தூசு தோன்றும் இடத்துக்கு இயன்றவரை அருகில் பொருத்தி, அந்த இடத்தை இயன்றவரை மூடவேண்டும் என்று விதித்தது.

ஆகவே முதல் திருத்தம் மேசைக்கு அடியில் செய்யப்படுகிறது. பிளேடு விலகாமல் பிடிக்கும் கீழ் வழிகாட்டிக்குப் பக்கத்தில், அது வெளிவரும் இடத்தைச் சூழ்ந்தாற்போல் ஒரு கூடு பொருத்தி அதில் குழாயை இணைக்கிறார்கள். கூட்டைத் தகரத்தில் வளைக்கலாம். பிளேடை ஒட்டிய விளிம்பை மட்டும் பிளைவுட்டால் செய்வது நல்லது. பிளேடு நகர்ந்து உரசினாலும் பல் மழுங்காது, பொறி பறக்காது. பிளேடு மாற்றவும் மேசையைச் சாய்க்கவும் இடையூறு இல்லாமல் கழற்றி மாட்டும்படி கூடு அமைய வேண்டும்.

கூட்டுக்குத் தப்பும் தூளுக்காகக் கீழ்ப்பெட்டியின் பழைய வாயையும் விட்டுவைக்க வேண்டும். கீழ்ச்சக்கரத்தின் டயரைத் தொட்டபடி ஒரு தூரிகையைப் பொருத்தினால் ஒட்டிய தூள் உதிர்ந்து அந்த வாய்க்குள் போகும். பிளேடு மேலேறும் வழியில் பெட்டியின் திறப்பைக் குறுக்கினால் மேல்சக்கரத்துக்குப் போகும் தூளும் குறையும்.

பலரும் கவனிக்காத ஒன்று, காற்று உள்ளே வரும் வழி. எல்லா இடுக்குகளையும் அடைத்துவிட்டால் உறிஞ்ச எதுவும் இராது. குழாயில் காற்றோட்டம் குன்றித் தூள் தேங்கும். மேசையின் நடுவில் பிளேடைச் சுற்றியுள்ள செருகுதட்டில் சில துளைகள் இட்டால், காற்று மேலிருந்து நுழைந்து பிளேடை ஒட்டியே கீழே பாயும். மேசைமேல் சிதற இருந்த தூளையும் அது இழுத்துச் செல்லும்.

அடுத்தது குழாயின் அளவு. மரத்தூள் குழாயில் படியாமல் ஓடக் காற்று நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். அந்த வேகத்தில் 100 மில்லிமீட்டர் குழாய் மணிக்கு ஏறக்குறைய 565 கன மீட்டர் காற்றைக் கடத்தும். 150 மில்லிமீட்டர் குழாய் 1,270 கன மீட்டரைக் கடத்தும். இரண்டு வாய்களுக்கும் சேர்த்து 150 மில்லிமீட்டர் தலைக்குழாய் போட்டு, எந்திரத்தருகே 100 மில்லிமீட்டர் கிளைகளாகப் பிரிப்பது பொருத்தம். விசிறிக்கும் அவ்வளவு காற்றை இழுக்கும் திறன் வேண்டும். நெளிகுழாய் உராய்வைக் கூட்டுவதால் அதைக் குட்டையாக வைத்து, வளைவுகளை அகலமாக அமைக்க வேண்டும்.

பிடித்த தூள் எங்கே போகிறது என்பதும் முக்கியம். சாதாரணத் துணிப்பை பெருந்தூளைத் தேக்கிவிட்டு நுண்தூளைப் பட்டறைக்குள்ளேயே திருப்பி ஊதும். நுண்வடிகட்டி பொருத்த வேண்டும். அல்லது அக்கம்பக்கத்தாரைப் பாதிக்காத இடத்தில் காற்றை வெளியே விடவேண்டும். வடிகட்டிக்கு முன் ஒரு சுழல்பிரிப்பான் இருந்தால் கனத்த தூள் டிரம்மில் விழுந்துவிடும், வடிகட்டி அடைபடாது. குவிந்த மரத்தூள் எளிதில் தீப்பற்றும். மரத்தில் ஆணி இருக்கிறதா என்று அறுக்குமுன் பார்ப்பதும், டிரம்மை அன்றாடம் காலி செய்வதும், உலோகக் குழாய்களுக்கு எர்த் கொடுப்பதும் அதனால் கட்டாயம்.

திருத்தம் பலித்ததா என்பதை, இருட்டாக்கிய பட்டறையில் டார்ச் ஒளியைப் பிளேடின் குறுக்கே பாய்ச்சி அறுத்துப் பார்த்தால் அறியலாம். தப்பும் தூள் ஒளிக்கற்றையில் தெரியும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வாரம் ஒருமுறை இரண்டு பெட்டிகளையும் திறந்து டயர், தூரிகை, கூடு மூன்றையும் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் பலகை பிளக்கும்போதும் பை மாற்றும்போதும் என்95 தரத்து முகக்கவசம் தேவை. தூளைப் பிறந்த இடத்திலேயே பிடிக்கும் ஏற்பாட்டுக்கு அது துணைதான், மாற்று அல்ல.