கிழிந்த சீட்டின் மதிப்பு

சேர்த்து வைத்தல் மனித இயல்பு. பொன்னைச் சேர்ப்பவர் உண்டு. நிலத்தைச் சேர்ப்பவர் உண்டு. பிறர் குப்பையென ஒதுக்கும் பழைய அஞ்சல்தலை, செல்லாத நாணயம், தீப்பெட்டிப் படம், விளையாட்டரங்கின் நுழைவுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்ப்பவரும் உண்டு. முதல் வகையினரைப் பிழைக்கத் தெரிந்தவர் என்று உலகம் போற்றும். இரண்டாம் வகையினரைக் கண்டு நகைக்கும். என் தந்தையார் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்.

இரும்புலியூரில் நாங்கள் வாழ்ந்த சிறிய வீட்டில் அவருக்கென்று இருந்த உடைமை ஒரு தகரப் பெட்டி மட்டுமே. ரயில்வேயில் பணியாற்றிய அவர் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பெட்டியின் சாவியை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார். அவர் மறைந்தபின் வீடும் வங்கிச் சேமிப்பும் முறைப்படி கணக்கிடப்பட்டன. அப்போது அம்மா சொன்னார்: “பெட்டியையும் கணக்கில் சேருங்கள். சிறிதோ பெரிதோ, உன் அக்காவுக்கு அதிலும் பங்கு உண்டு. என்ன விலை பெறும் என்று கேட்டு வா.”

பெட்டியைத் திறந்தோம். விளையாட்டைப் போற்றும் அஞ்சல்தலைகள் ஒரு தொகுப்பில் இருந்தன. சேப்பாக்கத்திற்கு வந்த ஆட்டக்காரர் சிலரின் கையொப்பங்கள் கொண்ட குறிப்பேடு ஒன்று இருந்தது. பள்ளிப் பருவத்தில் நான் பபிள்கம் வாங்கிச் சேர்த்துப் பின்னர் மறந்துபோன கிரிக்கெட் அட்டைகளும் ரப்பர் வளையமிட்டு அங்கேயே இருந்தன. எல்லாவற்றிற்கும் அடியில் ஒரு காகித உறையில் இரண்டு நுழைவுச்சீட்டுகள். ஒன்று 1986ஆம் ஆண்டினது. மற்றொன்று 1999ஆம் ஆண்டினது, நான்காய் மடித்து ஓரம் கிழிந்தது.

இத்தகைய பொருள்களுக்கு விலை கேட்பது எங்கே? சென்னையில் நாணயம், அஞ்சல்தலை, பழம்பொருள் சேகரிப்போர் கூடும் கண்காட்சிகள் அவ்வப்போது நடைபெறுகின்றன. அவ்வாறு தியாகராய நகரில் ஒரு திருமண மண்டபத்தில் மூன்று நாள் நடந்த கூட்டத்திற்குப் பெட்டியுடன் புறப்பட்டேன். தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறி மாம்பலத்தில் இறங்கும்வரை, அந்தப் பெட்டியை மடியிலிருந்து நான் இறக்கவில்லை.

மண்டபத்தின் உள்ளே கண்ட காட்சி என்னை வியப்பில் ஆழ்த்தியது. வரிசை வரிசையாக மேசைகள். அவற்றின்மேல் சோழர் செப்புக்காசு முதல் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளி ரூபாய் வரை கண்ணாடிக்கு அடியில் கிடந்தன. பள்ளிச் சிறுவர் ஐந்து ரூபாய் அஞ்சல்தலைக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தனர். கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திய முதியவர்கள் ஒரு காசை நாடி பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். ஒருவர், 1952 பிப்ரவரியில் இதே சென்னையில் இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் வென்று, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற செய்தி வந்த நாளிதழைச் சட்டமிட்டு வைத்திருந்தார். அடுத்த மேசையில் ஓர் இளைஞர் புதுக்காலக் கிரிக்கெட் அட்டைகளைப் பிளாஸ்டிக் உறைகளில் இட்டு அடுக்கியிருந்தார்.

அந்த இளைஞர்தாம் அயல்நாட்டு நிலையை எனக்கு விளக்கினார். அமெரிக்காவில் விளையாட்டு அட்டை சேகரிப்போருக்கென்றே தேசிய மாநாடு ஒன்று உண்டு. 1980இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய அது ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. அட்டையின் மூலை மழுங்கியுள்ளதா, படம் நடுவில் அமைந்துள்ளதா என்று ஆராய்ந்து, ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் முத்திரையிடும் நிறுவனங்கள் அங்கே உள்ளன. 1952இல் டாப்ஸ் என்னும் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் நாணயத்தில் அது ஏறத்தாழ 100 கோடி ரூபாய்!

இதில் வியப்புக்குரிய செய்தி வேறொன்று. அந்த ஆண்டு அட்டைகள் நிறைய விற்காமல் தேங்கின. 1960 வாக்கில் அவற்றைப் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஸை பெர்கர் என்பவரே பின்னாளில் கூறியிருக்கிறார். எவரும் வேண்டாமென்று கடலில் எறிந்தமையால் எஞ்சியது அரிதாயிற்று. அரிதானமையால் விலை ஏறிற்று. விலை என்பது பொருளின் அருமையை அளக்கிறதேயன்றி அதன் பெருமையை அளப்பதில்லை என்பதை அங்கேயே உணர்ந்தேன்.

இனி என் பெட்டிக்கு வருவோம். நெடுங்காலம் இத்தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவர் பெட்டியைப் பார்வையிட இசைந்தார். முதலில் அஞ்சல்தலைகள். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணிலேயே வென்றதைப் போற்றிய தலை, 1973இல் வந்த ரஞ்சித்சிங் தலை, 1980இல் வந்த ஹாக்கி மேதை தியான்சந்த் தலை, 1996இல் வந்த நான்கு கிரிக்கெட் வீரர்களின் தலைகள், 2013இல் சச்சின் தமது இருநூறாவது டெஸ்டோடு விடைபெற்றபோது வந்த தலைகள் ஆகிய யாவும் இருந்தன. “நன்றாகக் காத்திருக்கிறார். ஆனால் இவை மிகுதியாக அச்சிடப்பட்டவை, பெரிய விலை இல்லை” என்றார்.

அஞ்சல்தலையிலும் அருமைதான் விலையை நிர்ணயிக்கிறது. 1948இல் காந்தியடிகள் உருவத்துடன் வந்த பத்து ரூபாய்த் தலைகளில் நூறு மட்டும் அரசுப் பயன்பாட்டுக்கென ‘சர்வீஸ்’ என்று மேலச்சு இடப்பட்டன. அவற்றுள் நான்கு தலைகள் கொண்ட ஒரு துண்டு 2017இல் 5 லட்சம் பவுனுக்கு விற்றது. அதே காந்தி, அதே படம். மேலே ஒரே ஒரு சொல் கூடுதல்!

அடுத்துக் கையொப்பக் குறிப்பேடு. அவர் நெடுநேரம் பார்த்தார். “பாய், இவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை யார் சொல்வது? வாங்கியவர் இல்லை. எந்த நாள், எந்த இடம் என்ற குறிப்பும் இல்லை. வாங்குபவர் கேட்டால் நான் என்ன விடை கூறுவேன்?” என்றார். அவர் ஐயத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் போலிக் கையொப்பங்கள் மலிந்து, 1990களில் மத்தியப் புலனாய்வுத் துறையே பெரும் விசாரணையில் இறங்க நேர்ந்தது. ஒரு செய்தியை ஏற்குமுன், சொன்னவர் யார், அவர் எவரிடம் கேட்டார், கேட்டவர் நம்பத்தக்கவரா என்று தொடர் பிடித்து ஆராய்வது நம் ஆலிம்கள் கண்ட நெறி. சந்தைக்கும் அந்நெறி பொருந்துவதைக் கண்டு வியந்தேன். தொடர் அறுந்தால் மெய்யும் ஐயமாகிவிடுகிறது.

பின்னர் நுழைவுச்சீட்டுகள். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் சமனாக முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அவ்வாறு முடிந்த ஆட்டங்கள் இன்றுவரை இரண்டே. முதலாவது 1960இல் பிரிஸ்பேனில். கடும் வெயிலில் 210 ரன் எடுத்துவிட்டு டீன் ஜோன்ஸ் மருத்துவமனைக்குச் சென்றதும், 348 ரன் இலக்கை நோக்கிய இந்தியா 347இல் ஆட்டமிழந்ததும் அந்த ஆட்டத்தில்தான். “இதற்கு ஆள் உண்டு” என்று அந்தச் சீட்டைத் தனியே வைத்தார். 1999ஆம் ஆண்டுச் சீட்டைப் பிரித்துப் பார்த்தார். “மடிப்பு, கறை, கிழிசல். விலை போகாது” என்று திருப்பித் தந்தார். பெட்டி முழுவதற்கும் நான்காயிரம் ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைப் பெற்றுக்கொண்டு, எதையும் விற்காமல் திரும்பினேன்.

மறுநாள் குரோம்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டிற்குச் சென்று கணக்கைச் சொன்னேன். தொகையை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. “அந்தத் தொண்ணூற்றொன்பதாம் வருடச் சீட்டை எனக்குத் தந்துவிடு, வேறெதுவும் வேண்டாம்” என்றார். அது விலை போகாதாம் என்றேன். அதன்பின்னரே, நான் அதுவரை அறியாத செய்தியை அவர் சொன்னார்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தான் அணி ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்திய மண்ணில் ஆடிய டெஸ்டின் நான்காம் நாள். நான் எட்டு வயதுச் சிறுவன். கல்லூரி மாணவியாக இருந்த அக்காவை அத்தா உடன் அழைத்துச் சென்றிருக்கிறார். தாம்பரத்திலிருந்து மீட்டர்கேஜ் மின்வண்டி, பிறகு பறக்கும் ரயில், சேப்பாக்கம். வெற்றிக்கு 271 ரன் வேண்டும். சச்சின் முதுகு வலியோடு ஆடி 136 ரன் எடுத்தார்.

அக்கா சொன்னார்: “சச்சின் ஆட்டமிழந்தபோது அத்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு நான்கு ரன்னுக்குள் மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் போயின. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். அரங்கம் ஊமையாகிவிட்டது. எனக்கு உள்ளூரப் பயம். சுற்றியிருப்பவர் நம்மை என்ன பார்வை பார்ப்பாரோ என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். அப்போது பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். எங்கள் வரிசையில் முதலில் எழுந்து கை தட்டியவர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர். அவரைப் பார்த்து அத்தா எழுந்தார். பிறகு அரங்கமே எழுந்து நின்றது. தாம்பரம் வரும்வரை அத்தா பேசவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும், ‘ஆட்டத்தில் தோற்றோம் அம்மா, ஆனால் நம் ஊர் ஜெயித்துவிட்டது’ என்றார்.”

சேப்பாக்கம் அன்று எழுந்து நின்று கை தட்டியதை உலகம் அறியும். ஆயின் அந்தப் பெருங்கூட்டத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட ஒரு பெண்ணின் அச்சமும், அது தீர்ந்த கணமும் எந்த ஏட்டிலும் இல்லை. யார் எந்தப் பக்கம் என்று நோட்டமிடும் கண்கள் எக்காலத்தும் உண்டு. அக்கண்களுக்கெல்லாம் விடையாக ஓர் ஊர் எழுந்து நின்றதற்கு, அந்தக் கிழிந்த சீட்டே எங்கள் வீட்டுச் சான்று.

எழுதப்பெற்ற நான்காயிரத்தை வைத்து அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் உரிய பங்குகளை முறைப்படி கணக்கிட்டோம். அக்காவுக்குரிய தொகையை நான் கொடுத்தேன்; அம்மாவின் பங்கிற்குக் குறிப்பேடும் தலைகளும் என்று அவரே கூறினார். 1999ஆம் ஆண்டுச் சீட்டு, விலையில்லாததாகையால், எவர் பங்கிலும் சேராமல் அக்காவிடம் சென்றது. அக்கா தாம் கண்டதையும் கேட்டதையும் இரண்டு பக்கத்தில் எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டு, சீட்டுடன் வைத்திருக்கிறார்.

சேகரித்தவர் போனபின் சேகரம் என்ன ஆகும் என்பது நம் சமுதாயத்தில் பலருக்கும் எழவேண்டிய வினா. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு நில்லாமல், இதழ்கள், துண்டறிக்கைகள், நாடக அறிவிப்புகள் என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடம் விலை கொடுத்து வாங்கி, சிதறவிடாமல் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. வாரிசுகளுக்கு உரிய விலையும் கிடைத்தது. தமிழுக்கு ஓர் ஆராய்ச்சி நூலகமும் கிடைத்தது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும், ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டிய சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் 1842இல் அச்சேற்றியமையால்தான் பலர் கைக்கும் எட்டியது. அன்று ஏடுகளைக் காத்த வீட்டாரைப் பார்த்தும் சிலர் நகைத்திருக்கக்கூடும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் பழைய கடிதம், ரேஷன் அட்டை, கப்பல் பயணச்சீட்டு, மங்கிய நிழற்படம் என்று ஏதேனும் கிடக்கும். அதன் விலையைப் பிறகு கேட்கலாம். அதன் கதையை இன்றே கேளுங்கள். யார், எங்கே, எந்நாள், உடனிருந்தவர் எவர் என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் கேட்கட்டும் என்று காத்திராதீர்கள், அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவையுங்கள். விலை சொல்ல வல்லவர் எந்தக் கண்காட்சியிலும் கிடைப்பார். கதை சொல்ல வல்லவர் வீட்டில் இருக்கும் காலம் சிறிது.